ரியோ கடற்கரை: எங்கே உட்காரலாம், எங்கே இறங்கக் கூடாது (நால்வரின் குறிப்புகள்)

ரியோ டி ஜெனிரோ போகிறவர்கள் முதலில் போஸ்டோ எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கடலோரம் நெடுக நிற்கும் உயிர்காப்புச் சாவடிக்குத்தான் போஸ்டோ என்று பெயர். லெமேயில் 1, கோப்பகபானாவில் 2 முதல் 6, அர்ப்போதோரில் 7, இபனேமாவில் 8 முதல் 10, லெப்லோனில் 11, 12. அங்கே யாரும் ஓட்டல் பெயரை வைத்து இடம் சொல்வதில்லை, எண்ணை வைத்துத்தான். 9-க்குப் போக மெட்ரோவில் நோசா செனோரா டா பாஸ் நிலையம், 7, 8 பக்கம் என்றால் ஜெனரல் ஒசோரியோ. காசு கொடுத்தால் போஸ்டோவிலேயே கழிப்பறையும் நல்ல தண்ணீர்க் குளியலும் கிடைக்கும்.

டவல் சுமக்க வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் விரிப்பது காங்கா எனும் மெல்லிய துணி. உதறினால் மணல் போய்விடும். நம்ம கைலியே போதும். நாற்காலியும் குடையும் மணலில் இருக்கும் பஹாக்கா எனும் கூடாரக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். உட்காரும் முன்பே "குவான்டு எ?" என்று விலை கேட்டுவிடுங்கள். குடிப்பதெல்லாம் கணக்கில் ஏறி, கிளம்பும்போது மொத்தமாக வரும். நீங்களும் ஒரு பக்கம் எண்ணிக்கொண்டிருப்பது நல்லது.

——

கடலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கோப்பகபானாவில் தரை சட்டென்று இறங்கும். அலை கரையை ஒட்டியே உடைவதால் முழங்கால் தண்ணீரில் நிற்பவரையும் புரட்டிப் போடும். மெரினா அலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அலைக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்.

அதைவிட ஆபத்து 'வாலா'. கரைக்கு வந்த தண்ணீர் ஒரே தடத்தில் கடலுக்குத் திரும்பும் இழுப்பு அது. இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்தோ மணல் கலங்கியோ இருக்கும். புதிதாக வருகிறவர் "இங்கே அலை இல்லை" என்று சரியாக அங்கேதான் இறங்குவார். உயிர்காப்பாளர்கள் (தீயணைப்புப் படையினர்தான்) அதற்கு நேரே கரையில் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், அதில்தான் கை சோர்ந்துபோகிறது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அதோடு சேர்ந்து வெளியே வாருங்கள்.

கனமழைக்கு மறுநாள் குளிக்க வேண்டாம். கால்வாய் வழியே நகரத்து அழுக்கு கடலில் கலக்கும். இபனேமாவையும் லெப்லோனையும் பிரிக்கும் ஜார்டிம் டி அலா வாய்க்கால் முகத்தில் எப்போதுமே இறங்காமல் இருப்பது உத்தமம். இன்னொன்று: ஜனவரி வெயிலிலும் தண்ணீர் சில நாள் பனிக்கட்டி போல இருக்கும். வடகிழக்குக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வருவதுதான் காரணம்.

——

மேலே சொன்னதோடு வெயில் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே. ஜூன், ஜூலையில் வடக்கே சாய்ந்திருக்கும். பிற்பகலில் கோப்பகபானா கட்டடங்களின் நிழல் மணலில் விழுந்துவிடும். அந்த மாதங்களில் காலையிலேயே போவது மேல்.

கார்டு கொடுத்தால் கருவியின் திரையில் தொகையைப் பார்த்த பிறகே ரகசிய எண்ணை அழுத்துங்கள். ஒரு சுழியம் கூடுதலாகப் போடுவது பழைய வித்தை. திரை உடைந்த கருவி என்றால் வேண்டவே வேண்டாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறந்தால் தொல்லை பிரேசிலில் அல்ல, திரும்பும்போது. சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் அது செல்லும், பிறகு ஆயுளுக்கும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

——

சாப்பாட்டை விட்டுவிட்டீர்களே! இளநீர் அங்கே ஐஸில் குளிர வைத்துத்தான் வரும். குடித்ததும் வெட்டித் தரச் சொன்னால் வழுக்கை கிடைக்கும். மரவள்ளி மாவு வளையமான பிஸ்கோய்டோ குளோபு, பச்சைப் பையில் உப்பு, சிவப்பில் இனிப்பு. வாயில் போட்டதும் காற்றாய்க் கரைந்துவிடும், பசிக்கு உதவாது.

தவறவிடக் கூடாதது மாட்டே. தோளில் இரண்டு எஃகுப் பீப்பாய் மாட்டிக்கொண்டு "ஓல்யா ஓ மாட்டே!" என்று கூவியபடி வருவார்கள். ஒன்றில் புகைவாசம் அடிக்கும் குளிர்ந்த தேநீர், மற்றதில் எலுமிச்சைச் சாறு. கலந்து கேளுங்கள். நாலு மடக்கு குடித்துவிட்டு கோப்பையை மறுபடி நீட்டினால் சும்மாவே கொஞ்சம் ஊற்றுவார். அந்தக் கொசுறுக்கு 'ஷோரின்யு' என்று பெயர்.