மரபணு கணிக்கும் எடையும் ஜெல்லில் தெரியும் எடையும்: ஈஸ்ட் இன்வர்டேஸ் பற்றி ஓர் ஐயம்

கேள்வி
வணக்கம். ரொட்டி ஈஸ்ட்டின் எஸ்யுசி2 மரபணு 532 அமினோ அமிலங்களைக் குறிக்கிறது. அவ்வரிசைப்படி, அம்மரபணு தரும், சர்க்கரையை (சுக்ரோஸை) உடைக்கும் நொதியான இன்வர்டேஸின் எடை சுமார் 61 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). ஆனால் குளுக்கோஸ் குறைந்த ஊடகத்தில் வளர்த்த செல்களின் புரதத்தை, எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி எதிர்ப்பொருளால் பார்த்தால், 100-க்கும் 140-க்கும் இடையே இழுபட்ட தடமும், 60-க்கு அருகில் மெல்லிய பட்டையும் தெரிகின்றன. கீழே இருப்பது சிதைந்த துண்டா? மேலும், வேறொரு சைட்டோபிளாசப் புரதத்தை நிறை நிறமாலைமானியில் (மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவி) அளந்தால், நிறை கணிப்பைவிட 89 டால்டன் குறைவாக வருவது ஏன்?

மறுமொழி 1
சிதைவு என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த மரபணுவிலிருந்து நீளம் வேறுபட்ட இரண்டு ஆர்என்ஏக்கள் உருவாகின்றன. நீளமானதிலிருந்து பிறக்கும் புரதம், எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் நுழைந்து, அங்கே செல்ல வழிகாட்டிய, முன்பகுதியிலுள்ள 19 அமினோ அமிலச் சமிக்ஞைத் தொடரை இழந்து, பல இடங்களில் மான்னோஸ் என்ற சர்க்கரையின் சங்கிலிகளைப் பெற்று, செல் சவ்வுக்கு வெளியே சுரக்கப்படுகிறது. சங்கிலிகளின் நீளம் மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறுவதால்தான் பட்டை கூராக விழாமல் இழுபடுகிறது. குட்டையான ஆர்என்ஏ தரும் புரதத்தில் சமிக்ஞைத் தொடர் இல்லை. அது சர்க்கரை ஏறாமல் சைட்டோபிளாசத்திலேயே தங்கிவிடும். நீங்கள் காணும் கீழ்ப்பட்டை பெரும்பாலும் அதுதான்.

அச்சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் எண்டோ எச் நொதியிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். தடம் 60-ஐ நோக்கி இறங்கும். ஆயினும் ஒவ்வோர் இடத்திலும் அசிட்டைல்குளுக்கோசமைன் என்ற ஒரு சர்க்கரை அலகு எஞ்சுவதால், கணித்த எடைக்கு அப்படியே வந்து நிற்காது.

மறுமொழி 2
89 டால்டனுக்கு விடை எளிது: முதல் மீத்தியோனின் நீங்கினால் 131 குறையும், புதிய முனையில் அசிட்டைல் தொகுதி ஏறினால் 42 கூடும். ஈஸ்ட்டில் இது அன்றாட நிகழ்வு. இரண்டாவது அமினோ அமிலம் செரின், அலனின் போன்று சிறியதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். பெரியதாக இருந்தால் இவ்விளக்கம் பொருந்தாது.

கணிப்பை இதைவிடக் கவிழ்க்கும் ஈஸ்ட் மரபணு விஎம்ஏ1. அது தரும் புரதத்தின் 1071 அமினோ அமிலங்களில், நடுவிலுள்ள 454 தம்மைத் தாமே வெட்டிக்கொண்டு வெளியேற, இரு ஓரங்களும் ஒட்டிக்கொள்கின்றன. 119 கிலோடால்டனை எதிர்பார்ப்பவருக்கு 69-இலும் 50-இலும் இரண்டு புரதங்கள் கிடைக்கும். ஆர்என்ஏ வரிசையைப் படித்தாலும் இது பிடிபடாது, ஏனெனில் வெட்டு நடப்பது புரதத்தில்.

கேட்டவர்
மிக்க நன்றி. இரண்டாவது அமினோ அமிலம் செரின்தான். எண்டோ எச் வந்து சேரும் வரை செய்யக்கூடிய சோதனை ஏதேனும் உண்டா?

மறுமொழி 1
உண்டு. குளுக்கோஸ் மிகுந்த ஊடகத்தில் ஒரு பகுதியை வளருங்கள். சுரக்கும் வடிவத்தின் உற்பத்தியைக் குளுக்கோஸ் ஒடுக்கும். சைட்டோபிளாச வடிவத்தை அவ்வாறு ஒடுக்காது. மேல்தடம் மங்கி, கீழ்ப்பட்டை அப்படியே நின்றால், அது துண்டு அன்று.