கடலரிப்புத் தடுப்புச் சுவர்: உங்கள் ஊரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

பாண்டிக்காரன்:
பாண்டி கடற்கரைச் சாலைக்கு வருகிறவர்கள் கருங்கல் குவியலைப் பார்த்துவிட்டு "பீச் எங்கேங்க?" என்று கேட்பார்கள். காந்தி சிலைக்குக் கீழே மணலில் இறங்கி நடந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். 1980களின் கடைசியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்களை நீட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கொஞ்சம் தெற்கே திரும்பும். குறுக்கே சுவர் வந்ததும் மணல் வீராம்பட்டினம் பக்கம் தேங்கிவிட்டது. வடக்கே வரவு நின்றது, செலவு நிற்கவில்லை.

தேங்கும் மணலை பம்ப் வைத்து வடக்கே அனுப்பும் ஏற்பாடும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக ஓடியிருந்தால் இவ்வளவு கல் கொட்டியிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனாலும் கரையோரம் கொட்டிய இந்தக் கல் சுவரைத் திட்ட எனக்கு மனசு வராது. 2004 சுனாமியில் அந்தக் கற்களுக்குப் பின்னால் இருந்த நகரப் பகுதி தப்பித்தது.

குப்பத்துப் பையன்:
அண்ணா, உங்கள் சுவர் முடிகிற இடத்தில்தான் எங்கள் கதை ஆரம்பம். கோட்டக்குப்பத்துக்கு வடக்கே எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் இருந்த உறைகிணறு இப்போது அலைக்கு நடுவில் நிற்கிறது. சுற்றி இருந்த மண் போய்விட்டது, சிமெண்ட் உறைகள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தனியாகத் தெரியும். சித்தப்பா அதில்தான் படகுக் கயிற்றைக் கட்டுவார்.

அப்புறம் எங்களுக்கும் கல் கொட்டினார்கள். வீடுகள் நின்றன, சரி. ஆனால் கரைவலை இழுக்க இடமில்லை. ஃபைபர் படகைக் கரையேற்றினால் அடிப்பாகம் கல்லில் உரசிக் கிழிகிறது. இன்னொன்று, கொட்டிய கல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் உள்ளே இறங்கிவிடுகிறதே, ஏன்?

சைட் இன்ஜினியர்:
தம்பி, அடிமண் அரிப்புதான் காரணம். நேர்ச்சுவரில் மோதும் அலை அப்படியே திரும்பிக் கீழே பாய்ந்து சுவரின் காலடி மண்ணைத் தோண்டும். அதனால்தான் பெரும்பாலும் சரிவாகக் கல் அடுக்குகிறோம். கற்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் தண்ணீர் புகுந்து அலையின் வேகம் குறையும். சரிவில் ஏறி இறங்குவதிலும் பலம் போய்விடும்.

ஆனால் கல்லை நேராக மணல்மேல் போட்டால் வேலைக்காகாது. முதலில் வடிகட்டித் துணி விரிக்கணும், அதன்மேல் சிறு கல், கடைசியில்தான் டன் கணக்கில் எடையுள்ள பெரிய கல். துணி கிழிந்தாலோ போடாமலே விட்டாலோ பின்னால் இருக்கும் மண் சந்து வழியாகக் கடலுக்குப் போய்விடும், கல் இறங்கும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் துணிக்கு மேலேயே லாரியிலிருந்து பெரிய கல்லைச் சரித்தார்கள். சத்தம் போட்டும் கேட்கவில்லை. அடுத்த புயலிலேயே அந்தப் பகுதி மட்டும் குழிந்துவிட்டது.

சுவரின் இரண்டு முனைகளையும் கவனியுங்கள். அங்கேதான் அலை வளைந்து பக்கத்து மண்ணை எடுக்கும். முனையை உள்நோக்கித் திருப்பிக் கட்டினால் சுவர் தப்பிக்கும், பக்கத்து ஊர் தப்பிக்குமா என்றால் இல்லை.

ராயபுரத்தாள்:
மெரினா அவ்வளவு அகலமானதே சென்னைத் துறைமுகம் வந்து மணல் தெற்கே தேங்கியதால்தான். வடக்கே எங்களுக்குக் கிடைத்தது கல். காசிமேட்டுக்கு அந்தப் பக்கம் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிய கல் சுவர்) போட்ட இடங்களில் வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் பிடித்திருக்கிறது. வெறும் சுவர் மட்டும் இருக்கும் இடத்தில் ஒரு கைப்பிடிகூடக் கிடையாது.

பாண்டிக்காரன்:
அக்கா சொல்வது எங்களுக்கும் பொருந்தும். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் அலையின் வேகத்தைக் குறைக்கும் செயற்கைத் திட்டு இறக்கிய பிறகு மணல் சேர்ந்து, இப்போது பிள்ளைகள் அங்கே விளையாடுகிறார்கள். தம்பி, அதற்கப்புறம் உங்கள் பக்கம் கரை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? அந்த உறைகிணற்றிலிருந்து வீட்டுச் சுவர்வரை அளந்து எழுதுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.