ஆறு பிள்ளைகள், மூன்று வாத்தியம், அரை மணி நேரம்: எங்கே தொடங்குவது?

கேள்வி
நான் வாசிப்பது ட்ரம்பெட். அடுத்த வாரம் முதல் 10, 11 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு. மூன்று ட்ரம்பெட், இரண்டு கிளாரினெட், ஒரு ஃப்ளூட். எல்லோரும் புதியவர்கள். கிளாரினெட் கீச்சிட்டால் எங்கே பார்ப்பது? ட்ரம்பெட் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் உதடு ஓய்ந்துவிடுமே, என்ன செய்வது?

பதில் 1
முதல் வகுப்பில் முழு வாத்தியத்தையும் கையில் கொடுக்காதீர்கள். ஃப்ளூட்டுக்குத் தலைப்பகுதி மட்டும்: திறந்த முனையை உள்ளங்கையால் மூடி ஊதினால் ஏறக்குறைய ஏ என்ற சுரம் வரும், திறந்து ஊதினால் ஒரு ஸ்தாயி மேலே. கிளாரினெட்டுக்கு மவுத்பீஸும் (வாயில் வைக்கும் பகுதி) பேரலும் (அதற்கு அடுத்த குட்டிக் குழல்) மட்டும்: சுரத்தைக் காட்டும் கருவியான ட்யூனரில் எஃப் ஷார்ப் காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் தாடை தளர்வு, கூடுதலாகக் காட்டினால் ரீடை (மவுத்பீஸில் அதிரும் மெல்லிய நாணல் தகடு) கடிக்கிறார்கள். இது நிலைக்கும் வரை விரல் பாடம் வேண்டாம்.

அப்புறம், "சி வாசி" என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். ட்ரம்பெட்டும் பி ஃபிளாட் கிளாரினெட்டும் எழுதப்பட்ட சியை வாசித்தால் ஒலிப்பது பி ஃபிளாட். ஃப்ளூட்டுக்குத் தாளிலேயே பி ஃபிளாட் எழுத வேண்டும். மற்ற இரண்டு வாத்தியங்களுக்கும் சி, டி, ஈ என்று போங்கள்; ஃப்ளூட்டுக்கு அதுவே பி ஃபிளாட், சி, டி. கிளாரினெட்டில் இம்மூன்றும் இடது கையோடு முடிந்துவிடும். ஃப்ளூட் பிள்ளைக்கு மட்டும் சங்கடம்: அதே இடத்தில் சியிலிருந்து டிக்குப் போக ஏறக்குறைய எல்லா விரலும் மாறும், குழலும் உருளும்.

பதில் 2
கீச்சொலிக்கு ரீடை முதலில் பாருங்கள், கடினத்துக்கான எண் 2 போதும். ரீடின் நுனிக்கு மேல் மவுத்பீஸின் கறுப்பு விளிம்பு மயிரிழை அளவு தெரிய வேண்டும். வாயில் எவ்வளவு போக வேண்டும் என்பதற்கு ஒரு காகிதத் துண்டு போதும்: ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே செருகி, அது நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து அடையாளம் காட்டுங்கள். கீழுதடு அங்கேதான். அதைத் தாண்டினால் கீச்சு, குறைந்தால் மூக்கடைத்த சத்தம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கீச்சிட்டால் விரல்தான். சின்னக் கையில் மோதிர விரல் துளையை ஓரத்தில் திறந்து வைத்திருக்கும். விரல் நுனியில் துளையின் வட்டம் முழுதாகப் பதிந்திருக்கிறதா என்று கையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பாதி வட்டம் இருந்தால் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. இடது ஆள்காட்டி விரலின் பக்கம் மேலே உள்ள சாவியைத் தெரியாமல் உரசுவதும் உண்டு.

பதில் 3
ட்ரம்பெட்டுக்கு: வாசித்த நேரம் எவ்வளவோ, ஓய்வும் அவ்வளவு. ஒருவர் நான்கு எண்ணிக்கை ஊத, மற்ற இருவரும் வால்வை (விரலால் அழுத்தும் பொத்தான்) அழுத்தியபடி சுரப்பெயரைச் சொல்லட்டும். உதட்டில் மவுத்பீஸின் வளையத் தடம் சிவந்து நெடுநேரம் மறையாமல் இருந்தால் அழுத்தி வைக்கிறார்கள் என்று அர்த்தம். இடது கைப்பிடியைத் தளர்த்தி, வலது சுண்டுவிரலைக் கொக்கியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்; இழுத்து ஒட்ட வழியே இருக்காது. கன்னம் உப்பினால் வாயோரங்களை இறுக்கச் சொல்லுங்கள், நடு உதடு தளர்வாகவே இருக்கட்டும். மவுத்பீஸில் மட்டும் ஊதும் பயிற்சிக்கு இரண்டு நிமிடம் போதும். கால் மணி நேரம் செய்ய வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, உதடு விறைத்துப்போகும்.

கேட்டவர்
நன்றி. ஒரு ட்ரம்பெட்டில் எண்ணெய் விட்ட பிறகு காற்றே போகவில்லை.

பதில் 3
வால்வுகள் இடம் மாறியிருக்கும், அல்லது திரும்பியிருக்கும். வால்விலேயே 1, 2, 3 என்று பொறித்திருக்கும். அந்தந்த எண்ணை அதனதன் குழியில் இறக்கி, மெதுவாகத் திருப்புங்கள். 'க்ளிக்' என்று உட்கார்ந்ததும் மூடியை முறுக்கலாம். மூன்று நான்கு சொட்டு எண்ணெய்க்கு மேல் வேண்டாம். மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் குறடு போடாதீர்கள், லீட்பைப் (மவுத்பீஸைச் செருகும் குழாய்) முறுக்கிக்கொள்ளும். அதை இழுத்தெடுக்கவென்றே மவுத்பீஸ் புல்லர் என்ற கருவி இருக்கிறது.