பார்க்கின்சன் நோய்க்குச் சொந்த ஸ்டெம் செல் சிகிச்சை: இவர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

வைகைக்கரையான் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 67. ஏழு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மாத்திரை உட்கொண்டு வருகிறார். உறவினர் ஒருவர் சொல்லி, ஒரு தனியார் சிகிச்சை மையத்துக்குச் சென்றோம். அவருடைய இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) பிரித்தெடுத்து இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தினால் நோய் பெருமளவு குணமாகும் என்கிறார்கள். ஆறு லட்சம் ரூபாய் ஆகுமாம். எழுந்திருக்கவே தடுமாறியவர் சிகிச்சைக்குப் பின் விறுவிறுவென நடக்கும் காணொளிகளைக் காட்டினார்கள். அமெரிக்காவில் 1999-லேயே ஒருவருக்குச் சொந்த செல்களால் நோய் எண்பது விழுக்காடு குறைந்ததாகவும் சொன்னார்கள். நிலத்தை விற்றாவது செய்துகொள்ளலாம் என்கிறார் அப்பா. என்ன செய்வது?

நரம்பியல் மாணவன்:
அந்த 1999 நிகழ்வு உண்மைதான், ஆனால் உங்களுக்குப் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் மிஷேல் லெவெஸ்க் என்ற அறுவை மருத்துவர், டென்னிஸ் டர்னர் என்பவரின் மூளையிலிருந்து சிறிதளவு திசுவை எடுத்து, அதிலிருந்த செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் திரும்பச் செலுத்தினார். 2004-இல் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழு ஒன்றின் முன் இது சாட்சியமாகச் சொல்லப்பட்டபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2009-இல் வெளியான கட்டுரையின்படி, மூன்றாம் ஆண்டில் எண்பது விழுக்காட்டைத் தாண்டியிருந்த முன்னேற்றம், ஐந்தாம் ஆண்டில் அறுவைக்கு முந்தைய நிலைக்கே இறங்கிவிட்டது. அதுவும் ஒரே ஒரு நோயாளி. ஒப்பிட்டுப் பார்க்க வேறு எவரும் இல்லை. மேலும் அவை மூளையிலிருந்து எடுத்து மூளையிலேயே வைத்த செல்கள். உங்கள் தந்தைக்குச் செய்யவிருப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இரத்தக்குழாயில் செலுத்தும் மஜ்ஜை செல்களில் பெரும்பகுதி நுரையீரலிலேயே தங்கிவிடுகிறது.

மஜ்ஜை செல்களை நேரடியாக மூளையிலேயே வைத்துப் பார்த்த பெங்களூரு ஆய்வு 2010-இல் வெளியானது. ஏழு பேரில் மூவருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆயினும் ஆட்களின் எண்ணிக்கையும் ஒப்பீட்டுக் குழு இல்லாமையும் காரணமாகப் பயன் உண்டென்று நிறுவ முடியவில்லை என அந்த ஆய்வாளர்களே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள்.

மல்லிகைப்பந்தல்:
தம்பி, என் தாயாரை இந்நோயோடு பதினோரு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் அந்தக் காணொளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு, மாத்திரைக்கு முன், அம்மாவால் காபி டம்ளரைத் தூக்க முடியாது. அதே கைகள் ஏழு மணிக்கு முற்றத்தில் உட்கார்ந்து மல்லிகைச் சரம் தொடுக்கும். இரண்டையும் படம் பிடித்து "முன்", "பின்" என்று பெயரிட்டால், யாரும் அதை அதிசய சிகிச்சை என்றே நம்புவார்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று சொல்லாத காணொளி எதையும் நிறுவுவதில்லை.

இன்னொன்று, இந்நோயில் நம்பிக்கையே உடலை மாற்றிவிடுகிறது. விழித்திரை நிறமிச் செல்களை மூளையில் பொருத்திப் பார்த்த ஓர் ஆய்வில் 71 பேர் பங்கேற்றார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு மண்டையோட்டில் மேலாகத் துளையிட்டதோடு சரி, செல்கள் வைக்கப்படவில்லை. ஓராண்டுக்குப் பின் இயக்கத் திறன் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு மேம்பட்டிருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நன்றாக உணர்ந்தார்கள்.

சட்டம் பயின்றவர்:
இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களின்படி, சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர, ஸ்டெம் செல் பயன்பாடு முழுவதும் ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும்; அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. எனவே ஆய்வு என்றால் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள்; சிகிச்சை என்றால் எந்த அனுமதியின் பேரில் என்று எழுத்தில் கேளுங்கள். ஜப்பானில் 7 பேருக்கும் வட அமெரிக்காவில் 12 பேருக்கும் நடந்து 2025-இல் முடிவுகள் வெளியான ஆய்வுகளைக் காட்டினால், அவற்றில் மூளைக்குள் வைக்கப்பட்டவை இந்நோயில் மூளையில் குறைந்துபோகும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களாக வளரக்கூடிய, ஆய்வகத்தில் உருவாக்கிய முன்னோடிச் செல்கள், மஜ்ஜை செல்கள் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

வைகைக்கரையான்:
மூவருக்கும் நன்றி. இன்று காலை மாத்திரைக்கு முன்னும் பின்னும் அப்பாவையே படமெடுத்து அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டாவதை மட்டும் மறுபடி போடச் சொன்னார். பதிவு எண் கையில் வரும்வரை முன்பணம் கட்டப்போவதில்லை. மூளைக்குள் மின்முனை பொருத்திச் செய்யும் ஆழ்மூளைத் தூண்டல் அவருக்குப் பொருந்துமா என்று அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் வரும் வாரம் கேட்கவிருக்கிறோம்.