இன்யோ கவுண்டியில் வீடு பார்க்கிறீர்களா? முதலில் மலைப்பக்கம் பாருங்கள்

தம்பி, கலிபோர்னியாவின் இன்யோ கவுண்டியில், பிஷப் ஊரில் வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள். பாலைவனம்தானே, வெள்ளம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருந்தீர்கள். இதே கவுண்டியில் லோன் பைன் ஊருக்கு வந்த புதிதில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் ஆபத்துக் குறியீட்டில் கவுண்டிக்கு என்ன மதிப்பெண் என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். ஆண்டுக்கு எவ்வளவு சேதம் வரலாம் என்ற கணக்கை வைத்துத்தான் அதைப் போடுகிறார்கள். இன்யோவில் 10,000 சதுர மைலுக்கு மேல் நிலம், மக்கள் 20,000கூட இல்லை. ஆளில்லாத இடத்தில் காட்டாறு ஓடினால் கணக்கில் ஒன்றும் ஏறாது. அதன் பாதையில் உங்கள் வீடு இருந்தால் கதையே வேறு.

அதனால் மனையைப் பாருங்கள். மலை இடுக்கிலிருந்து ஓடை வெளியே வரும் இடத்தில் சரளையும் பாறையும் விசிறிபோல் பரந்து கிடக்கும். அந்தப் பாறைகளைக் கொண்டுவந்து போட்டது வெள்ளம்தான். நல்ல காட்சி கிடைக்கிறது என்று அங்கேதான் வீடு கட்டுகிறார்கள். மேலே எப்போதாவது காடு எரிந்ததா என்றும் விசாரியுங்கள். 2007இல் இங்கே இண்டிபென்டன்ஸ் ஊருக்கு மேலே மலைச்சரிவு எரிந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் பெய்த மழையில் ஓக் க்ரீக் வழியாகச் சேறும் பாறையும் இறங்கி வீடுகளையும் பழைய மீன்பண்ணையையும் தாக்கின. பிடித்துவைக்க வேர் இல்லாத மண் அப்படித்தான் வரும்.

இதே கவுண்டியில் உள்ள டெத் வேலி பாலைவனத்தில், ஃபர்னஸ் க்ரீக்கில் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 2 அங்குலம். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டியது. சாலைகள் அரித்துப்போய், தேசியப் பூங்காவை அக்டோபர் நடுவில்தான் திறந்தார்கள்.

ஃபெமாவின் வெள்ள வரைபடத்தில் உங்கள் மனை 'டி' மண்டலம் என்றிருந்தால், ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே இன்னும் ஆய்வு செய்து முடிவு சொல்லவில்லை, அவ்வளவுதான். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் நிலநடுக்கமும் சேராது. அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும், எனவே கோடைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். வாடகைக்கு இருந்தாலும் சாமான்களுக்கு எடுக்கலாம்.

நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை, 1872 மார்ச் 26 அதிகாலையில் லோன் பைனில் இருந்த 59 வீடுகளில் 52 இடிந்து 27 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பச்சைச் செங்கல், கல் வீடுகள். பலரை ஒன்றாகப் புதைத்த மேடு ஊருக்கு வடக்கே 395 நெடுஞ்சாலையோரம் இன்றும் இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள். பழைய வீடு என்றால் அடித்தளத்தோடு சுவரை போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். வாட்டர் ஹீட்டரையும் சுவரோடு பட்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். கிணற்று பம்ப் உள்ள வீட்டில் கரண்ட் போனால் குழாயும் நின்றுவிடும். குழந்தை இருக்கிறது என்றீர்கள், அதனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் வீதம் இரண்டு வாரத்துக்காவது சேர்த்து வையுங்கள்.

வீடு எது என்று தெரிந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், மேலே ஓடை வரும் வழியை நடந்தே பார்த்துவிடலாம்.