எடையும் சமநிலையும்: ஐந்து வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே எப்படிப் புரியவைப்பது?

கேள்வி (இரு குழந்தைகளின் தாய்)

வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது. தம்பிக்கு இரண்டரை வயது. பெரிதாக இருப்பதெல்லாம் கனமானது என்று மகள் உறுதியாக நம்புகிறாள். ஒரு பை நிறையப் பொரியும் கால் கிலோ வெல்லமும் இருந்தால், தூக்கிப் பார்க்காமலேயே பொரிதான் கனம் என்கிறாள். கடைகளில் எண் காட்டும் மின்னணுத் தராசே இருப்பதால், தட்டு தாழ்வதையும் உயர்வதையும் அவள் பார்த்ததில்லை. வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே இதை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் (தொடக்கப்பள்ளி ஆசிரியை)

முதலில் தராசு ஒன்றை அவள் கண்முன்னே செய்யுங்கள், சகோதரி. துணி மாட்டும் ஹேங்கரைக் கதவுக் கொண்டியில் தொங்கவிட்டு, அதன் இரு முனைகளிலும் ஒரே நீளமுள்ள நூலால் இரண்டு கொட்டாங்கச்சிகளைக் கட்டினால் போதும். எதையும் போடாதபோதே ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், உயர்ந்த பக்கத்தில் சிறிது களிமண்ணை ஒட்டி அவளையே நேராக்கச் சொல்லுங்கள். சமநிலை என்பதன் முதல் பாடம் அந்த வேலையிலேயே முடிந்துவிடும். பிறகு ஒரே டம்ளரால் ஒரு பக்கம் அரிசியும் மறுபக்கம் பொரியும் அளந்து போடலாம். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன்பே, எந்தப் பக்கம் தாழும் என்று அவள் சொல்லியாக வேண்டும். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதிருப்பதுதான் இதில் மிக முக்கியம்.

பதில் (இயற்பியல் படித்த ஒரு தந்தை)

கையால் தூக்கிப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் கையை முழுதும் நம்ப முடியாது என்பதையும் அவள் காணட்டும். பெரிய டப்பா ஒன்றையும் சிறிய டப்பா ஒன்றையும் எடுத்து, டப்பாவையும் சேர்த்து இரண்டும் ஒரே எடை வரும்படி சர்க்கரை நிரப்பினால், சிறியதுதான் கனமாகத் தோன்றும், பெரியவர்களுக்கும் அப்படித்தான். தராசில் வைத்ததும் இரண்டும் நேராக நிற்பதைப் பார்க்கும்போது, தராசு எதற்குத் தேவை என்பது அவளுக்கே விளங்கும்.

சமநிலைக்கு அடிஸ்கேலும் நீளக் கைப்பிடியுள்ள துடைப்பமும் நல்லவை. படுக்கைவாட்டில் பிடித்து, இரு முனைகளுக்கும் அடியில் ஆளுக்கொரு விரலை வைத்து மெல்ல நெருக்குங்கள். அதிக பாரம் தாங்கும் விரலில் உராய்வு மிகுவதால் அது நின்றுவிட, பாரம் குறைந்த விரல் நகரும். இப்படி மாறி மாறி நகர்ந்து, ஸ்கேலில் நடுவிலும், துடைப்பத்தில் பூப்பக்கமாகத் தள்ளியும் விரல்கள் சந்திக்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். குழந்தை உளவியல் ஆய்வாளர்களான அனெட் கார்மிலோஃப்-ஸ்மித்தும் பார்பெல் இன்ஹெல்டரும் 1970களில் ஜெனீவாவில் செய்த ஆய்வில், ஒரு முனையில் எடை மறைத்த கட்டைகளைச் சிறு குழந்தைகள் தடவித் தடவி ஒரு குறுகிய கம்பியின் மேல் சாயாமல் நிறுத்திவிட்டார்கள். அவர்களைவிடச் சற்று மூத்தவர்களோ நடுப்புள்ளியிலேயே வைத்துப் பார்த்து, நிற்காது என்று ஒதுக்கினார்கள். ஆகவே ஆறு, ஏழு வயதில் உங்கள் மகள் பின்னோக்கிப் போவதாகத் தோன்றினால், அவள் மனத்தில் ஒரு விதி உருவாகிறது என்றே கொள்ளுங்கள். அப்போது திருத்த அவசரப்பட வேண்டாம். எடையோடு, அது நடுவிலிருந்து இருக்கும் தூரமும் கணக்கில் சேரும் என்பதை அதற்குப் பிறகு, ஏற்றப்பலகையில் (சீசா) ஏறி இறங்கி அவள் அறிந்துகொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. எடைக்கல்லுக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகளைப் பயன்படுத்த நினைக்கிறேன். தம்பியும் கூடவே உட்காருவான்.

பதில் (தொடக்கப்பள்ளி ஆசிரியை)

மகளுக்குப் புளியங்கொட்டை மிகவும் ஏற்றது, ஏனெனில் வெண்டைக்காய் ஒன்றுக்கு எத்தனை கொட்டை என்று அவளே எண்ணிவிடுவாள். ஆனால் இரண்டரை வயதுக் குழந்தையின் தொண்டையில் அது அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், தம்பி விழித்திருக்கும் நேரத்தில் அதை எடுக்கவே வேண்டாம். அவனுக்கு மூடி இறுகிய இரண்டு தண்ணீர் பாட்டில்களை, ஒன்றை நிரப்பியும் மற்றொன்றைக் காலியாகவும் கொடுத்து, எது கனம் என்று தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.