மெஸ்ஸியா, மரடோனாவா, பெலேவா: எதை வைத்து வரிசைப்படுத்துவது?

இடதுகால்: கால்பந்தின் தலைசிறந்தவர்களில் என் வரிசை மெஸ்ஸி, மரடோனா, பெலே. ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருது எட்டு, 2012-இல் மட்டும் 91 கோல், 2022 உலகக்கோப்பை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பழையபந்து: பாலன் தோரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் நண்பரே. 1994 வரை அது ஐரோப்பிய நாட்டவருக்கு மட்டும்தான். பெலேவும் மரடோனாவும் உச்சத்தில் இருந்தபோது பட்டியலிலேயே வர முடியாது. 17 வயதில் 1958 உலகக்கோப்பை அரையிறுதியில் ஹாட்ரிக், இறுதியில் இரண்டு கோல் அடித்த பெலேவை எந்த விருதை வைத்து அளப்பீர்கள்? 1966-இல் போர்ச்சுகல்காரர்கள் பெலேவை உதைத்தே முடக்கினார்கள். அப்போது மாற்று ஆட்டக்காரரை இறக்க விதியே இல்லை; நொண்டிக்கொண்டே நின்றார். மாற்று வீரர்களும் மஞ்சள், சிவப்பு அட்டைகளும் உலகக்கோப்பைக்கு வந்தது 1970-இல்.

கோல்கம்பம்: அதே கண்டிப்பைப் பெலேவின் ஆயிரத்துச் சொச்சம் கோல்களிடமும் காட்டுங்கள். அதில் நட்பு ஆட்டங்களும் கலந்திருக்கின்றன. பிரேசிலுக்காக 92 ஆட்டத்தில் 77, அதைப் பேசுவோம். காலம் கடந்து ஒப்பிட மொத்த எண்ணிக்கை உதவாது. அணியின் கோல்களில் ஒருவரின் பங்கைப் பாருங்கள். 1986 உலகக்கோப்பையில் அர்ஜென்டினா அடித்தது 14 கோல். மரடோனா 5 கோல், 5 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்): 71 சதவீதம். 2022-இல் 15 கோல். மெஸ்ஸி 7 கோல், 3 அசிஸ்ட்: 67 சதவீதம். ஆனால் மெஸ்ஸியின் ஏழில் நான்கு பெனால்டி. அவற்றை எடுத்தால் 11-க்கு 6, அதாவது 55. மரடோனா ஒரு பெனால்டிகூட அடிக்கவில்லை.

இடதுகால்: இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தள்ளிய கோலை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

கோல்கம்பம்: சரி, கழித்துவிடுங்கள். 13-க்கு 9. அப்போதும் 69.

இடதுகால்: பெனால்டியை இனாம் மாதிரி பேசுவதை ஏற்க மாட்டேன். அதே தொடரில் போலந்துக்கு எதிராகத் தவறவிட்டவர், காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் நின்று அடித்தார். வயது 35. லீக் சுற்று, கடைசி 16 அணிகளின் சுற்று, காலிறுதி, அரையிறுதி, இறுதி என ஐந்து கட்டத்திலும் கோல் போட்டார். அதற்கு முன் ஒரே உலகக்கோப்பையில் யாரும் அதைச் செய்ததில்லை. மரடோனாவுக்கு 1986-இல் 25 வயதுதான்.

பழையபந்து: 25 வயதுக்காரரின் அந்த இறுதி ஆட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். 84வது நிமிடம், 2-2. இரண்டு கோல் முன்னிலையைச் சற்று முன்புதான் மேற்கு ஜெர்மனி சமன் செய்திருந்தது. மைதானத்தின் நடுவே சுற்றிலும் ஜெர்மன்காரர்கள். பந்தை நிறுத்தவே இல்லை. இடது காலால் ஒரே தொடுதல், சக வீரர் புருச்சாகா தனியாக ஓடினார், கோல். நாப்போலியோடு 1987, 1990 இத்தாலிய லீக் பட்டங்களையும் சேருங்கள். அதற்கு முன் அந்தக் கிளப் லீக்கை ஜெயித்ததே இல்லை.

கோல்கம்பம்: என் வருத்தம் வேறு. இத்தனை பதிவுகளில் யாஷின் பெயர் எங்கே? பாலன் தோர் வாங்கிய ஒரே கோல்கீப்பர் அவர், 1963-இல். ஜெர்மனியின் தடுப்பாட்டக்காரர் பெக்கன்பவர்? கோலை மட்டும் எண்ணினால் தடுத்தவனுக்கு இடமே வராது.

இடதுகால்: பெக்கன்பவரை முதல் ஐந்தில் வைக்கிறேன். மெஸ்ஸியை இறக்க மாட்டேன்.